60-ஐத் தாண்டினால் ‘ஊங்ங்’ சத்தம்: பேரிங்கா, டயரா?

நெடுவழி

வணக்கம். என்னுடையது மேனுவல் கியர் ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை. 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக 55, 60 கி.மீ. வேகத்தில் ‘ஊங்ங்’ என்று ஒரு சத்தம் ஆரம்பிக்கிறது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. 80-க்கு மேல் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. ஸ்டியரிங்கில் அதிர்வு இல்லை, பிரேக் பிடித்தாலும் மாற்றம் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “முன்பக்கம் ரெண்டு பேரிங்கும் போச்சு, மாத்திடலாம்” என்றார்கள். எனக்கென்னவோ பின்னாலிருந்து வருவதுபோல்தான் கேட்கிறது. சரி என்று சொல்வதற்கு முன்னால் நானே ஏதாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

பஞ்சர்

முதலில் டிக்கியைக் காலி பண்ணுங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, உருளும் பாட்டில், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாதி வண்டிகள் அங்கேயே குணமாகிவிடும்.

மூன்றாம் கியர்

‘ஊங்ங்’ என்று ராகம் இழுக்கும் தண்ணீர் பாட்டிலை நான் பார்த்ததில்லை பஞ்சர். இது பேரிங்தான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போச்சு, இல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர்

ஆட்டம் இருந்தால் சந்தேகப்படலாம். ஆட்டம் இல்லை என்பதால் பேரிங்கை விட்டுவிட முடியாது. இப்போதைய வண்டிகளில் ஹப்போடு (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) சேர்ந்தே வரும் பேரிங், உள்ளே உருளைகள் ஓடும் பாதை பொரிந்துபோய் நன்றாக இரைச்சல் போட்ட பிறகும் கையால் ஆட்டினால் அசையாமல் நிற்கும். போதாததற்கு, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் என்ற குமிழ் இணைப்புடையதாகவும் இருக்கலாம்.

நெடுவழி, சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். நீங்கள் ‘ஊங்ங்’ என்பதை இன்னொருவர் ‘கொர்ர்’ என்பார். ஆனால் “நியூட்ரலில் போட்டேன், அப்போதும் வந்தது” என்று சொன்னால் அதில் குழப்பம் இல்லை. அதனால் இன்றைக்கு எதையும் கழற்ற வேண்டாம், இதை மட்டும் செய்யுங்கள்.

காலியான, நேரான சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய், கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும், பிரேக்கும் கொஞ்ச நேரத்தில் கட்டையாகிவிடும். எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்கிய பிறகும் சத்தம் அதே சுருதியில் தொடர்ந்தால், அது எஞ்சினோ கிளட்ச்சோ இல்லை. சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. அப்புறம் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து, அதே ஆர்பிஎம் வரை எஞ்சினை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அங்கே சத்தம் வராவிட்டால் முடிவு இன்னும் உறுதி.

அடுத்து, அதே காலிச் சாலையில் சத்தம் வரும் வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் வளைந்து வளைந்து போய்ப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கப் பேரிங் மேல் சந்தேகம். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம். இரட்டை வரிசை பேரிங்கில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது தலைகீழாகவும் நடக்கும், அதனால் இதை மட்டும் நம்பி பேரிங் வாங்காதீர்கள். ஆனால் சத்தம் மாறுகிறதா இல்லையா என்பதே பெரிய தகவல்.

கடைசியாக, சாலை மாறும் இடத்தைக் கவனியுங்கள். சொரசொரப்பான தாரிலிருந்து வழவழப்பான சாலைக்குப் போகும்போது குரல் மாறினால் டயர். பேரிங்குக்கு சாலை எது என்று தெரியாது.

இரவுப் பயணி

இதோடு ஒன்று: நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். முன்னிருந்து பின், அப்புறம் பின்னிருந்து முன். வண்டி நின்றிருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும், கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி கையில் குத்துவதாகவும் இருந்தால் அந்த டயர்தான் பாடுகிறது. வெளிவிளிம்பு நன்றாக இருக்கும். உள்விளிம்புக்குள் கையை விட்டுத் தடவ வேண்டும், அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை.

மின்னோட்டம்

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஹேட்ச்பேக் டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு எட்டரை முறை சுற்றும். டயரின் பூக்கட்டைகள் ஒரு சுற்றில் 70 என்று வைத்துக்கொண்டால், அவை சாலையில் மோதும் சத்தம் 600 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு பொரிவு இருந்தால், ஒரு சுற்றுக்கு உருளைகளின் எண்ணிக்கையில் ஏறக்குறைய 0.4 பங்கு தட்டும். உள்வளையத்தில் இருந்தால் 0.6 பங்கு. 13 உருளை என்றால் 45-இலிருந்து 65 ஹெர்ட்ஸ் வரை, அதோடு அதன் மடங்குகளும் வரும். ஃபோனில் அலைவரிசை காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

பழைய ஸ்பேனர்

கணக்கு சரி தம்பி. ஆனால் ஃபோனை நம்பும்போது கவனம். பேச்சைத் தெளிவாக்குவதற்காக, ஒரே சீராக வரும் இரைச்சலை அதுவே வெட்டிவிடும். நாம் தேடுவதே அந்தச் சீரான இரைச்சலைத்தான். பலர் எனக்குச் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புவார்கள். வண்டிச் சத்தத்தைத் தவிர எல்லாம் அதில் கேட்கும். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதன் குரலும் கீழே இறங்கிவிடும், அப்போது உங்கள் இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கும்.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தேன். நியூட்ரலில் போட்டபோதும் சத்தம் துளிகூட மாறவில்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஏற்றினால் சத்தமே இல்லை. இடம் வலம் வளைத்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, பின் இருக்கையில் இருந்த தம்பிக்கும் தெரியவில்லை. ஆனால் புதிதாகத் தார் போட்ட துண்டு ஒன்றில் சத்தம் பாதியாகக் குறைந்தது, முடிந்ததும் பழையபடி வந்துவிட்டது. தம்பி அவனாகவே “பின்னால் இடப்பக்கம்” என்றான்.

பின் டயர்களைத் தடவினேன். இரவுப் பயணி சொன்னது அப்படியே இருக்கிறது. இரண்டிலும் உள்விளிம்பு ரம்பம் மாதிரி, இடப்பக்கம் ரொம்பவே.

இரவுப் பயணி

அப்புறம் என்ன, கிடைத்துவிட்டது. ஆனாலும் உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். பின் டயர்களை முன்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் முன்னால் வந்துவிட்டால் பேரிங்குக்கு வேலை இல்லை. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அந்தந்தப் பக்கத்திலேயே முன் பின் மாற்ற வேண்டும், குறுக்கே போடக் கூடாது.

பழைய ஸ்பேனர்

மாற்றிப் போடுவது கண்டுபிடிக்கத்தான். தேய்ந்ததற்கான காரணம் அப்படியே இருக்கும். பின்சக்கரத்தின் உள்விளிம்பு இப்படி ரம்பமாவது பெரும்பாலும் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தப்பியிருப்பதால். அலைன்மென்ட் என்று போனால் பல இடங்களில் முன்சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். நான்கு சக்கரத்துக்கும் அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியில் பின்கோணத்தைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை என்றால், அச்சு வளைந்திருக்கிறதா, ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடவும்போது ரம்பமாக இல்லாமல் சற்றுச் சற்று இடைவெளியில் குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் பக்கம் போகலாம்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் அந்த டயர் கொஞ்ச நாள் பாடிக்கொண்டுதான் இருக்கும். ரம்பம் தேய்ந்து சமமாக வேண்டும். சமமாகாமலும் போகலாம்.

ஜன்னலோரம்

இழை திறந்திருப்பதால் என் பிரச்சினையையும் கேட்டுவிடுகிறேன். சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது ‘சர்ர்ர்’ என்று உலர்ந்த சத்தம். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பழைய ஸ்பேனர்

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் தலைகீழாகச் சொல்கிறார். ரிலீஸ் பேரிங் கெட்டால், மிதிக்கும்போது சத்தம் வரும், ஏனென்றால் அப்போதுதான் அதன் மேல் பாரம் ஏறுகிறது. மிதித்தால் நிற்கும் சத்தம் வேறு. மிதித்தவுடன், எஞ்சினின் சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சுற்றுவது நின்றுபோகும். அதனால் அந்த ஷாஃப்ட்டின் பேரிங்கையோ, பாரமில்லாமல் சுற்றும் கியர்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலப்பதையோ நினைக்க வேண்டும். கியர் ஆயில் அளவைப் பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள். எஞ்சின் அதிர்வை உள்வாங்கும் இரட்டை நிறை ஃப்ளைவீல் உள்ள டீசல் வண்டி என்றால் அதுவும் ஐட்லிங்கில் கடகடவென்று ஆடும். எஞ்சினை அணைக்கும் நொடியில் ஒரு உதறல் உதறினால் அதன் மேல் சந்தேகம் கூடும்.

ஜன்னலோரம்

பெட்ரோல் வண்டி அண்ணா. கியர் ஆயிலை வாங்கியதிலிருந்து யாரும் திறந்தே பார்க்கவில்லை.

பழைய ஸ்பேனர்

அங்கிருந்து ஆரம்பியுங்கள். வடிக்கும்போது உலோகத் துகள் பளபளவென்று இருக்கிறதா என்று ஒரு வெள்ளைத் துணியில் பாருங்கள். அடைப்பானில் காந்தம் இருந்தால் அதில் மெல்லிய சாம்பல் நிறக் களிம்பு இருப்பது வழக்கம். துண்டு துண்டாக இருந்தால் வழக்கமில்லை.

மூன்றாம் கியர்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக் டிக்’ வருகிறதே, அதற்கு கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும். வால்வைத் தள்ளும் டேப்பெட் அடங்கிவிடும்.

இரவுப் பயணி

வேண்டாம் மூன்றாம் கியர், இதில் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். எந்த டிக் என்று பார்க்காமல் ஆயிலை மாற்றினால், குளிர்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேரவே தாமதமாகும். ஹைட்ராலிக் லிஃப்டருக்கு (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டேப்பெட்) ஆயில் சீக்கிரம் போக வேண்டும். நீங்கள் அதற்கு நேர் எதிர் செய்கிறீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து அளவைப் பாருங்கள், அளவு குறைந்ததால் சத்தம் போடும் எஞ்சின்களே நிறைய.

இன்னொன்று. சைலென்சர் மேனிஃபோல்டு இணைப்பில் கசிவு இருந்தாலும் அதே டிக் டிக்தான் கேட்கும். குளிரில் வரும், சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி அடைந்து போய்விடும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அதுதான். அதற்கு எந்த ஆயிலும் உதவாது. நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால் இன்ஜெக்டரும் உயர் அழுத்த பம்பும் எப்போதும் டிக்கென்றுதான் இருக்கும், அது கோளாறு இல்லை.

மின்னோட்டம்

இங்கேயும் எண்ணிப் பார்க்கலாம். 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் விநாடிக்கு 13 முறை சுற்றும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி. ஒரே வால்விலிருந்து வரும் டிக் விநாடிக்கு ஆறு ஏழு என்று கிட்டத்தட்ட எண்ணும்படி இருக்கும். பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலிருந்து வருவது அதைப்போல இரண்டு மடங்கு வேகம், எண்ண வராது.

பழைய ஸ்பேனர்

ராட் என்று வந்ததால் சொல்லிவிடுகிறேன். அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடி, சூடான பிறகும் போகாமல் இருந்தால் ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் வேலையே வேண்டாம். கூடவே சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து, இழுத்துக்கொண்டு போங்கள். “பக்கத்தில்தானே ஒர்க்‌ஷாப்” என்று ஓட்டிப் போனால், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போகும்.

இன்னொரு சத்தம் இதோடு குழம்பும். மேட்டில் பெரிய கியரில் முக்கி முக்கி ஏறும்போது மட்டும் ‘கிலுகிலு’ என்று கேட்பது எரிபொருள் முன்கூட்டியே வெடிப்பதால். கியரைக் குறைத்தால் போய்விடும். கையேட்டில் சொன்ன ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறோமா என்று பாருங்கள்.

பஞ்சர்

பெல்ட் கீச்சிடுவதற்கு சோப்பு தடவலாம் என்கிறார்களே?

இரவுப் பயணி

தடவாதீர்கள். தண்ணீர் போதும். எஞ்சின் ஓடும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். சத்தம் ஒரு நிமிடம் அடங்கி மறுபடி வந்தால் புல்லி ஏதோ ஒன்று நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் பலமாகக் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இறுக்கம் போதவில்லை. இரண்டுக்கும் மாறாமல் ‘கரகர’ என்றே இருந்தால் பெல்ட்டைத் தாங்கி இறுக்கும் டென்ஷனர் பேரிங்கோ ஐட்லர் பேரிங்கோ. துப்பட்டா, தொங்கும் கழுத்துச் சங்கிலி, முழுக்கைச் சட்டை எதுவும் பானெட்டுக்கு உள்ளே போகக் கூடாது.

ரிவர்ஸ்

எந்தப் பேரிங் என்று பார்க்க நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அங்கே வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். என் அப்பா காலத்து வழக்கம்.

பழைய ஸ்பேனர்

நன்றாக வேலை செய்யும். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் பார்த்தேன். ஆனால் சுற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் காதுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கம்பி என்பது நினைத்தாலே சரியில்லை. மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் என்று தனியாகவே விற்கிறார்கள், ரப்பர் குழாய் இருப்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பேரிங்கின் நடு போல்ட்டிலோ அதைத் தாங்கும் பிராக்கெட்டிலோ வைக்க வேண்டும், சுற்றும் பாகத்தில் இல்லை.

ரிவர்ஸ்

சரி அண்ணா. இன்னொரு சந்தேகம்: குண்டும் குழியுமான சாலையில் முன்னால் ‘கடக் கடக்’ என்கிறது. ஆனால் பெரிய வேகத்தடையில் ஏறினால் சத்தமே இல்லை. இது எப்படி?

பழைய ஸ்பேனர்

நல்ல கேள்வி. பதிலும் அதிலேயே இருக்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறுகின்றன, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதே இல்லை. குழியில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் அது முறுக்கப்பட்டு அதன் லிங்க் இழுபடும். அதனால் லிங்க்கிலிருந்து ஆரம்பியுங்கள். வேகத்தடையிலும் ‘டொம்’ என்றால் ஷாக் மேல் மவுன்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு ‘டக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். முழு வெட்டு வெட்டித் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் அச்சின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும், குனிந்து பார்த்தாலே தெரியும்.

மின்னோட்டம்

மின்சார வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: மெதுவாகப் போகும்போது ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வந்து 20 கி.மீ. தாண்டியதும் மறைந்தால், ஒர்க்‌ஷாப்புக்கு ஓடாதீர்கள். பாதசாரிகளுக்காக வேண்டுமென்றே வைத்திருக்கும் ஒலிபெருக்கி அது. ஐ.நா.வின் 138-ஆம் விதிமுறை 20 கி.மீ. வரையிலும் ரிவர்ஸிலும் கேட்கிறது. அமெரிக்க விதியில் 30 கி.மீ. வரை. எஞ்சின் இரைச்சல் மூடி மறைக்காததால் மற்ற எல்லாச் சத்தமும் இந்த வண்டிகளில் பளிச்சென்று கேட்கும் என்பது வேறு விஷயம்.

நெடுவழி

நண்பர்களே, நேற்று டயர்களை மாற்றிப் போட்டார்கள். ‘ஊங்ங்’ சத்தம் அப்படியே முன்னால் வந்துவிட்டது, ஆக டயர்தான். அலைன்மென்ட்டுக்கு வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இன்று காலையிலிருந்து புதிதாக ஒன்று. மெதுவாகப் போகும்போது முன் இடப்பக்கம் ‘டக்... டக்’ என்கிறது. 20 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு மூன்று இருக்கும். டயரில் கல் ஏதும் சிக்கியிருக்குமோ? வெள்ளி வரை ஓட்டலாமா?

பழைய ஸ்பேனர்

ஓட்டாதீர்கள். இப்போது எங்கே இருந்தாலும் சமதளத்தில் நிறுத்தி, சக்கர நட்டுகளை ஸ்பேனரால் பாருங்கள். விநாடிக்கு மூன்று என்றால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. கல்லும் அப்படித் தட்டும், உண்மைதான். ஆனால் நேற்று சக்கரம் கழற்றிய வண்டியில் முதலில் கல்லைத் தேட மாட்டேன்.

நெடுவழி

பார்த்தேன். முன் இடப்பக்கம் நான்கில் இரண்டு நட்டு, ஸ்பேனர் போட்டதும் பெரிய பலம் இல்லாமலே அரைச் சுற்றுக்கு மேல் சுற்றியது. மற்ற மூன்று சக்கரமும் இறுக்கமாக இருக்கின்றன. இப்போதைக்கு கையால் இறுக்கிவிட்டேன்.

இரவுப் பயணி

அடக் கடவுளே. நல்லவேளை கேட்டீர்கள்.

பழைய ஸ்பேனர்

இறுக்கியதோடு விட வேண்டாம். ஜாக்கியில் தூக்கி அந்தச் சக்கரத்தை ஒருமுறை முழுவதும் கழற்றுங்கள். ஹப்பும் ரிம்மும் ஒட்டும் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், நட்டு தளர்வதற்கு அதுவே போதும். ரிம்மில் நட்டு உட்காரும் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீண்டுபோய் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீண்டிருந்தால் அந்த ரிம் வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்கள். நட்டு ஏறும் ஸ்டட்டின் மரை நசுங்கியிருந்தால் ஸ்டட்டையும் மாற்ற வேண்டும். மரையில் எண்ணெய் பூசாதீர்கள், அதே பலத்தில் திருகினாலும் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

மாட்டும்போது நட்டுகளைக் கையால் கடைசி வரை ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கீழே இறக்கிய பிறகு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு. பல சிறிய கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் உங்கள் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை ரெஞ்ச்சை வைத்துப் பாருங்கள்.

நெடுவழி

துளைகள் வட்டமாகத்தான் இருக்கின்றன, மரையும் நன்றாக இருக்கிறது. ஹப் முகத்தில் துரு தகடாகப் படிந்திருந்தது, தேய்த்து எடுத்துவிட்டேன். கையேட்டில் 103 என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் டார்க் ரெஞ்ச் இருந்தது, நான்கு சக்கரத்துக்கும் வைத்துவிட்டேன். ‘டக்’ இப்போது இல்லை.